டெரிக் இருக்கிற சிடி

செத்துப்போன டெரிக் முதன்முதலாகச் சுடலைமுத்துவின் புரோட்டாக் கடையில் வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு வயது பதினாலு. அதற்குச் சில மாதங்கள் முன்பு நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தபோது வயது இருபத்தாறு. மதியச் சாப்பாடு முடிந்து மாலைப் புரோட்டாவுக்கு மாவு ஊறுகிற நேரத்தில் மாஸ்டரும் மேசை துடைக்கிறவர்களும் பின்கட்டில் உட்கார்ந்து கால்பந்து கேம் ஆடுவது அந்தக் கடையில் வழக்கம், அன்றைக்கு மீரான் காக்கா கடையிலிருந்து வாங்கிவந்த பழைய சிடி ஒன்றை முதல்முறையாகப் போட்டார்கள், ஆட்டம் தொடங்கியது, மாஸ்டர் ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுக்கக் கையை நீட்டினார், அது அரும்பு மீசையும் முழங்காலில் காய்ந்த புண்ணுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கையில் இருந்தது.

“ஏல, நீ ஈபி ஆபீஸ் சவரிராயன் அண்ணாச்சி மவன்லா?” என்றார் மாஸ்டர்.

“கோலப் பாருங்க மாமா,” என்றான் பையன். அதற்குள் பந்து உள்ளே போயிருந்தது.

செத்தவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்பதைவிட, ஒரு பொடியனிடம் தோற்றோமே என்பதுதான் மாஸ்டருக்கு அன்று பெரிய விஷயமாக இருந்தது. சாயந்திரம் அவர் மாவைக் கல்லில் அடித்த அடியிலேயே அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் தூத்துக்குடியில் அங்கங்கே டெரிக் தென்பட்டான். உப்பளத்தில் வேலை பார்க்கிற ராஜக்கனி வீட்டில், அவர் மனைவி பேபி தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க, அவர்கள் மகள் ஷைனி போட்ட சிடியில் பத்து வயசுக்காரனாக, பேனா மை கசிந்த பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தான். மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் கார் ரேஸ் சிடியில் பத்தொன்பது வயசுக்காரனாக, காலேஜ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்தான். எந்த வயதில் எந்த கேமை ஆடினானோ அந்த வயதிலேயே வந்தான், அந்த வயதில் எங்கெங்கே இடறி விழுந்தானோ அங்கெல்லாம் இடறி விழுந்தான், கேம் பெட்டியை அணைத்தால் போனான், மறுநாள் போட்டால் விட்ட இடத்திலிருந்து வந்தான். பழைய கதை பேசவில்லை, தான் செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கம் போ, குதி, பெட்டியை உடை, அவ்வளவுதான் அவன் பேச்சு.

அந்த சிடிகள் எல்லாம் அவனே விற்றவை. பழைய துறைமுகத்துக்குப் போகிற சந்தில் மீரான் காக்காவுக்கு ஒரு கடை உண்டு, கப்பல்காரர்கள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற கேம் சிடிகளை அவர் ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, வாயால் ஆவி ஊதி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து வைத்து விற்பார், ஆடி அலுத்தவர்கள் திரும்பக் கொண்டுவந்தால் அதே மாதிரி ஆவி ஊதித் துடைத்து இன்னொருவருக்கு விற்பார். டெரிக் ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்தக் கடை வாசலில் வளர்ந்தவன். அவனிடம் ஒரு பீரோ நிறைய சிடி இருந்தது. படித்து முடித்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலையும் கிடைத்தபிறகு, சிடி போட வாயே இல்லாத ஒரு புதுப் பெட்டியை வாங்கினான், கேம் எல்லாம் இனி காற்றிலேயே வந்து இறங்கும் என்றான், பீரோவைக் காலி செய்து அரிசிச் சாக்கில் கட்டி மீரான் காக்கா கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

“ஒண்ணயாவது வச்சுக்கோ மாப்ள,” என்று காக்கா சொல்லிப் பார்த்தார்.

“எதுக்கு காக்கா? இனிமே கீறலும் விழாது, தொலையவும் செய்யாது, எவனும் தூக்கிட்டுப் போவவும் முடியாது. எல்லாம் என் பேர்லயே இருக்கும்.”

அதனால்தான் சாகும்போது அவன் வீட்டில் ஒரு சிடிகூட இல்லை, ஊர் முழுக்க அவன் சிடிகள் இருந்தன.

ஏன் அவன் மட்டும் வருகிறான் என்று நாங்களும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தோம். கடலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவன் விட்டுப்போன பாட்டு சிடிகளையும் கேம் சிடிகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பெட்டியிலும் போட்டுப் பார்த்தாள், பாட்டு வந்தது, பொம்மை வந்தது, ஆள் வரவில்லை, அவள் பையைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபிறகு அந்தக் கேள்வியை நாங்கள் விட்டுவிட்டோம். பங்குச் சாமியார் புரோட்டாக் கடைக்கே வந்து பையனைக் கொஞ்சநேரம் பார்த்தார், அவருக்குத்தான் அவன் திருமுழுக்கு முதல் எல்லாம் தெரியும், ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு, ஜெபமாலை நேரத்தில் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

பிறகு எல்லாம் பழகிப்போனது. சுடலைமுத்து அவனுக்கென்று ஒரு ஸ்டூலை ஒதுக்கினார். மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டி, பத்தொன்பது வயசு டெரிக்குக்கு வாய் ஜாஸ்தி, சின்னவன்தான் தங்கம் என்று பேபியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பேபி அந்த மைக்கறைச் சட்டையைக் கழற்றிக் கொடு ராசா, எலுமிச்சம்பழம் தேய்த்து அலசித் தருகிறேன் என்று தினமும் கெஞ்சினாள், அவன் ஒரு நாளும் கொடுக்கவில்லை. வீடு விற்கிறவர்கள் கிணறு இருக்கிறது என்று சொல்வதுபோல, சிடியைக் கைமாற்றுகிறவர்கள் இதில் டெரிக் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்கள், மீரான் காக்கா அதற்காக விலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை முடித்தால் அவன் ஒரேயடியாகப் போய்விடுவானோ என்று எங்களுக்கு ஒரு பயம், அதனால் எந்த வீட்டிலும் யாரும் எந்த கேமையும் முடிப்பதில்லை என்று, பேசிவைத்துக்கொள்ளாமலே, ஒரு வழக்கம் வந்துவிட்டது.

இதெல்லாம் அவன் அம்மா பிலோமியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? சவரிராயன்தான் முதலில் கிளம்பினார், சட்டைப் பையில் பணத்தை வைத்துக்கொண்டு, எல்லா சிடியையும் திரும்ப வாங்கிவிடுவது என்று. பிலோமி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“வித்தது வித்ததுதான். அவன் கையாலதான் குடுத்துட்டு வந்தான். ஆடிக்கிட்டு இருக்க பிள்ளையகிட்ட போயி பிடுங்குவியளா?” என்றாள். பிறகு மகனின் அறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “சிடியிலேயே வாறான்னா, நம்ம வீட்டுப் பெட்டியில வரமாட்டானா?”

அவன் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறையை அவள் திறந்தாள். ஷைனியைக் கூட்டிவந்து பெட்டியைப் போடச் சொன்னாள். அவன் கடைசியாக ஆடிக்கொண்டிருந்தது ஒரு தீவு கேம். ஆளில்லாத தீவில் ஒருத்தன் ஒண்டியாகப் போய் இறங்கி, கல் பொறுக்கி, மரம் நட்டு, ஆடு வளர்த்து, பாலம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஊரை உண்டாக்க வேண்டும். ஷைனி அதைத் தொட்டாள், தீவு வந்தது, நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, நாங்கள் அடக்கம் செய்த அதே இருபத்தாறு வயசு டெரிக் உட்கார்ந்திருந்தான்.

பிலோமி அழவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் தோளைத் தொட்டபோது, ஈ உட்கார்ந்ததுபோல அவன் தோளை உதறினான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் செய்வான் என்பதால் அவளுக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைசி ரெண்டு வருஷம் அவன் அந்த அறையிலேயே வேலை பார்த்து, அந்த அறையிலேயே ஆடி, சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தான், கதவு சாத்தியே இருந்தது, பத்து வயசு மகனைத் தெரிந்த அளவுக்கு, பதினாலு வயசு மகனைத் தெரிந்த அளவுக்கு இருபத்தாறு வயசு மகனை அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் என்றுமில்லாத திருநாளாக அவன் பேசினான், அந்தத் தீவில் ஒரு மலை இருக்கிறது, நாளைக்கு அதன் உச்சிக்கு ஏறப்போகிறேன் என்றான். மறுநாள் சாயந்திரம், கதவுக்குப் பின்னாலிருந்து, “அம்மா, இங்க வாயேன்,” என்று அவன் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. “இருல, பால் பொங்கப் போவுது,” என்றாள் பிலோமி. பாலை இறக்கினாள், காபி போட்டாள், பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை கேட்டு வந்தவளுக்குப் பறித்துக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசினாள், காபியோடு கதவைத் திறந்தபோது அவன் நெஞ்சடைத்துச் செத்துப்போயிருந்தான். திரை தானாக அணைந்துபோயிருந்தது. எதைக் காட்டக் கூப்பிட்டான், காட்டத்தான் கூப்பிட்டானா, நெஞ்சு வலிக்கிறது என்று கூப்பிட்டானா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

இப்போது அவன் அந்தத் தீவை முதல் நாளிலிருந்து திரும்ப ஆடிக்கொண்டிருந்தான், ஆடிய வரிசையிலேயே, செய்த தப்பையெல்லாம் திரும்பச் செய்துகொண்டு. அப்படியானால் ஒரு நாள் மலைக்கு வருவான், உச்சிக்கு ஏறுவான், “அம்மா, இங்க வாயேன்,” என்பான், அப்போது அவள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பாள். இதுதான் அவள் கணக்கு.

அன்றிலிருந்து அவள் வீட்டில் சாயந்திரம் அடுப்பே பற்றவைப்பதில்லை. சவரிராயன் டீக்கடையில் டீ குடிக்கப் பழகிக்கொண்டார். மழையோ வெயிலோ, பூசைக்கு நேரமானாலும் சரி, யார் வீட்டில் கல்யாணமானாலும் சரி, அந்த நேரத்துக்கு அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள், காலையில் தண்ணீர்க் குழாயடியில் எங்களிடம், வெளியூரில் வேலைக்குப் போன மகனைப் பற்றிச் சொல்கிற குரலில், நேத்து கிணறு தோண்டிட்டான், நேத்து ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு, நேத்து புயல் வந்து பாலத்த அடிச்சிட்டுப் போயிட்டு, பாவம், திரும்ப மொதல்லேருந்து கட்டுதான் என்று சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் கேட்டோம். பாலம் போன அன்று தெருவே கொஞ்சம் மனசு சரியில்லாமல் இருந்தது. பாலம் திரும்ப நின்றபோது பேபி எல்லா வீட்டுக்கும் மஸ்கோத்து அல்வா கொடுத்தனுப்பினாள்.

இனி சவரிராயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். மின்வாரிய அலுவலகத்தில் ஆயுசு முழுக்க அவர் பார்த்த வேலை பெயர் மாற்றம். இறந்தவர் பேரில் இருக்கிற இணைப்பை வாரிசு பேருக்கு மாற்றிக் கொடுப்பது. செத்தவர் பேரில் மீட்டர் ஓடக் கூடாது என்பது அவருக்கு வேத வாக்கு. மாற்றாமல் விட்ட வீட்டில் ஒரு நாள் யாராவது வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள், அப்புறம் இருட்டில்தான் உட்கார வேண்டும் என்பார். மகன் போன பிறகு அவன் பைக், அவன் பேங்க் கணக்கு, அவன் செல்போன் நம்பர் எல்லாவற்றையும் வரிசையாகப் பெயர் மாற்றினார். மற்றவர்கள் அழுது ஆற்றிக்கொள்வதை அவர் அப்படி ஆற்றிக்கொண்டார்.

பெண்டாட்டி அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிற அழகை அவர் தினமும் கதவோரம் நின்று பார்த்தார். அந்த கேம் இன்னும் செத்தவன் பேரிலேயே ஓடிக்கொண்டிருப்பது அவர் நெஞ்சை அரித்தது. யாராவது வந்து பிடுங்கிவிட்டால்? தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினார், இறப்புச் சான்றிதழை வைத்தார், பிலோமியின் ஆதார் அட்டையை வைத்தார், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, நெட் சென்டரில் கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் அடித்து, எங்கள் மகன் காலமாகிவிட்டபடியால் அவர் பேரில் உள்ள கேம்களை அவர் தாயார் பேருக்கு மாற்றித் தரும்படி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினார். பிலோமியிடம் சொல்லவில்லை. அவள் பேரில் மாறி வந்ததும் கையில் கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம் என்றிருந்தார்.

“நேத்து மலையடிவாரத்துக்கு வந்துட்டான்,” என்று பிலோமி ஒரு நாள் காலையில் குழாயடியில் சொன்னாள். “கூடாரம் போட்டுப் படுத்துட்டான். இன்னைக்கு ஏறுவான்.”

அன்று அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். சாயந்திரம் பெட்டியைப் போட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. தீவு இருந்த இடத்தில் ஒரு பூட்டுப் படம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியாமல் ஷைனியைக் கூப்பிட, ஷைனி டெரிக்கின் செல்போனில் வந்திருந்த பதிலை எடுத்துத் தமிழில் சொன்னாள். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். தங்கள் மகன் வாங்கியவை பொருட்கள் அல்ல, ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. அனுமதி அவருடையது, அதை விற்கவோ கொடுக்கவோ வாரிசுக்கு மாற்றவோ இயலாது. தாங்கள் இணைத்த சான்றிதழின்படி அவர் மறைவு உறுதியானதால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.

“எந்த சான்றிதழு?” என்றாள் பிலோமி.

சவரிராயன் கதவோரம் நின்றிருந்தார். “உன் பேர்ல இருந்தா யாரும் பிடுங்க மாட்டாவன்னு நெனச்சேன் பிலோமி,” என்றார்.

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப்பிறகு அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தெருவில் அன்று பெரிய சத்தம். காசு கொடுத்துத்தானே வாங்கினான் என்றார் சுடலைமுத்து. வாங்கவில்லை, அனுமதி என்றாள் ஷைனி. “அனுமதியா? நான் ஒருத்தனுக்குப் புரோட்டாவ வித்துட்டு, அவன் செத்துட்டான்னு அவன் பொண்டாட்டி எலையில கெடக்கறதத் திரும்ப எடுத்துக்கிட்டா ஒத்துக்கிடுவியளா?” என்று கேட்டார் மாஸ்டர். மீரான் காக்கா மும்பை, கொச்சி, துபாய் என்று தனக்குத் தெரிந்த பழைய சிடிக்காரர்களையெல்லாம் போனில் பிடித்து அந்தத் தீவு கேமின் சிடி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார், கடைசியில் வந்து சொன்னார்: “அது சிடியாவே வரலயாம். காத்துல வந்துச்சு, காத்துலயே போயிருச்சு.” ஷைனி அதே கேமைத் தன் பேரில் வாங்கிக்கூடப் பார்த்தாள். தீவு வந்தது, கடல் வந்தது, கிணறு இல்லை, ஆடு இல்லை, பாலம் இல்லை, டெரிக் இல்லை.

சவரிராயன் அந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார், என் மகன் சாகவில்லை என்றுகூட ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது.

சிடி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிலோமி வீட்டுக்குப் போனோம். பதினாலு வயசை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சுடலைமுத்து. பத்தொன்பதைத் தருகிறோம் என்றார்கள் மருந்துக்கடை வீட்டில். அவள் எல்லாருக்கும் நாற்காலி போட்டு, எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“அந்த வயசெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவன்தான் போயிட்டான்.”

அதற்குப்பிறகு அவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. கோயிலுக்கு மட்டும் போனாள், அவள் பின்னால் பத்தடி தள்ளிச் சவரிராயன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார், அவள் உள்ளே போனால் அவர் வாசலில் நின்றார். அவரை அப்படிப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை, அவளைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

பேபிக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் வீட்டில் வருகிற பத்து வயசு டெரிக்கின் சிடியில் ஒரு கீறல் உண்டு. ஆட்டத்தில் ஒரு தெரு வரும், அந்தத் தெரு முனையைத் தாண்டினால் சிடி சிக்கிக்கொண்டு திரும்பத் தெருவின் தொடக்கத்துக்கே வந்துவிடும், அதனால் மாதக்கணக்காக அவன் தினமும் அதே தெருவில்தான் நடந்துகொண்டிருந்தான், தினமும் அதே இடத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா, இங்க வாயேன்!” என்று கூப்பிட்டான். மெஷினை விட்டு எழுந்து பேபி ஓடுவாள். அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். “நீங்க இல்ல அத்தை,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

இதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்து அவள் சொல்லாமலே இருந்தாள். மீரான் காக்காதான் அந்த சிடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஆவி ஊதித் துடைத்து, திரும்பவும் பார்த்துவிட்டு, “இது தொடச்சாப் போற கீறல் இல்லம்மா. உள்ள எறங்கிட்டு. இன்னும் கொஞ்ச நாளு ஓடும், பொறவு படிக்காது,” என்றார். பேபி கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு நேரே பிலோமி வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, எங்க வீட்ல ஒம் பிள்ள தெனமும் ஒன்னயக் கூப்புடுதான். நான் போனா நீங்க இல்லங்கான். ஒரு தடவ வந்துட்டுப் போயிருக்கா.”

பிலோமி வந்தாள். பின்னால் சவரிராயன் வந்து, வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். தெருவே ராஜக்கனி வீட்டு ஜன்னலில் இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறோம், நாங்களும் இருந்தோம். சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு டெரிக் ஆடிக்கொண்டிருந்தான். மைக்கறையைப் பார்த்ததும் பிலோமிக்கு வாய் கோணியது. திரையில் அந்தத் தெரு வந்தது, ஓட்டு வீடுகளும் ஒரு விளக்குக் கம்பமும் தாண்டின, அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

“அம்மா, இங்க வாயேன்!”

பேபி வீட்டு அடுப்பில் அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்தது. கருகல் வாசனை வந்தது. யாரும் அசையவில்லை. பிலோமி போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், நீங்க இல்ல என்று சொல்லவில்லை.

“என்னல?”

“மழ பெய்யுது பாரு.”

திரையில் அந்தப் பொம்மைத் தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. ஓடுகளில் வழிந்தது. விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாய் நனையாமல் ஒதுங்கியிருந்தது.

“இதக் காட்டவா கூப்ட்ட?”

“ஆமா. இது வரைக்கும் பெய்யவே இல்லம்மா. இப்பத்தான் பெய்யுது.”

அவள் மழையையே பார்த்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் தாங்க முடியாமல் கேட்டாள்: “பெரியவனானப்புறம் ஒரு நா என்னயக் கூப்ட்டியே ராசா. மலைக்கு ஏறுன அன்னைக்கு. அது எதுக்குக் கூப்ட்ட?”

டெரிக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான்.

“நான் எப்பம்மா பெரியவனானேன்?”

ஜன்னலில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டோம். சுடலைமுத்து மூக்கைச் சிந்தினார். உள்ளேயிருந்து மழைச் சத்தத்தோடு அந்தப் பிள்ளையின் குரல் அவசரமாகக் கேட்டது.

“அப்பா எங்கம்மா? அப்பாவயும் கூப்புடு. சீக்கிரம், மழ நின்னுரும்.”

பிலோமி எழுந்து வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில், எங்கும் ஒரு சொட்டுத் தூறல்கூட இல்லாத அந்தச் சாயந்திரத்தில், குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற மனுஷரைப் பார்த்தாள். இத்தனை மாதம் கழித்து அவரிடம் வாயைத் திறந்தாள்.

“பிள்ள கூப்புடுதான். வாங்க.”

“என்னயவா?” என்றார் சவரிராயன். நம்பாமல் ரெண்டடி வந்து, படியில் நின்று, செருப்பைக் கழற்றக் குனிந்தார். வார் கொக்கி சிக்கிக்கொண்டது. “இரு, இந்தச் செருப்ப…”

“செருப்பு கெடக்கட்டும்,” என்று பிலோமி அலறினாள். “இருன்னு சொல்லாதிய. வாங்க, மழ நின்னுரும்.”

அவர் கையைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் ஒரு கால் செருப்பு படியிலேயே கழன்றுகொண்டது, இன்னொரு கால் செருப்போடு அவர் உள்ளே போனார்.